லயன் அறைத் தீயும் ஓமின் விதியும்

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் லயன் குடியிருப்பொன்று தீப்பிடித்தால் செய்தியின் கடைசி வரி அநேகமாக ஒன்றுதான்: காரணம் மின்னொழுக்காக இருக்கலாம். மின்னொழுக்கு என்றால் மின்சாரம் கம்பியை விட்டு வெளியே கசிவது. ஆனால் ஒரு துளியும் கசியாமலே கூரை எரியலாம். எப்படி என்று கண்டுபிடிக்கச் சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தின் இரண்டு கணக்குகள் போதும்.

அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை, பெருக்கினால் வலு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் 6.5 அம்பியர் இழுக்கிறது என்றால் அதன் தடை சுமார் 35 ஓம், வலு சுமார் 1,500 வாட். பொருளின் அடியில் வாட் அளவு அச்சிட்டிருக்கும். அதை 230ஆல் வகுத்தால் அம்பியர் வந்துவிடும்.

இனி விடியற்காலை லயன் காம்பராவைப் பாருங்கள். கொழுந்து மலைக்குப் போகுமுன் கேத்தலும் 700 வாட் ரைஸ் குக்கரும் வேலை செய்கின்றன. பிள்ளையின் பள்ளிச் சீருடைக்காக 1,000 வாட் ஸ்திரிக்கைப் பெட்டியும் சூடாகிறது. மொத்தம் 3,200 வாட், ஏறத்தாழ 13.9 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கர் இதைக் கண்டு அசையாது.

சிக்கல் கம்பியில் இருக்கிறது. நான் போன லயன்களில், பிள்ளைகள் கல்யாணமாகிக் கூடுதலாக அடைத்துக்கொண்ட அறைகளுக்குப் பழைய வயரையே முறுக்கி, டேப் சுற்றி நீட்டியிருந்தார்கள். தளர்ந்த ஜொயின்ட் ஒன்றின் தடை வெறும் அரை ஓம் என்று வைப்போம். மூன்று பொருள்களும் சேர்ந்து சுமார் 16.5 ஓம், அரை ஓம் கூடியதும் 17. ஆகவே ஓட்டம் 13.5 அம்பியராகக் குறைகிறது. குறைந்தால் பிரேக்கர் ஏன் விழப்போகிறது? 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் விழாது. அது பார்ப்பது நிலத்துக்குக் கசிவதை மட்டும்.

ஆனால் அந்த ஜொயின்ட்டில் பிறக்கும் வெப்பத்துக்குக் கணக்கு வேறு: ஓட்டத்தை ஓட்டத்தாலேயே பெருக்கி, தடையால் பெருக்க வேண்டும். 13.5 × 13.5 × 0.5, அதாவது சுமார் 91 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பின் சூடு கிட்டத்தட்ட முழுவதும் விரல் பருமன் டேப்புக்குள்! பக்கத்தில் காய்ந்த பலகை, கீழே விறகு. கேத்தலை மட்டும் போட்டால் அதே இடத்தில் சுமார் 20 வாட்தான். ஓட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

லக்சபானவிலிருந்து கொழும்புக்கு மின்சாரத்தை 132,000 வோல்ட்டில் அனுப்புவதும் இதே கணக்கால்தான். அழுத்தம் கூடினால் அதே வலுவுக்கு ஓட்டம் குறையும், கம்பி சூடாகி வீணாவதும் குறையும். தேயிலை மலைக்கு மேலே போகும் கம்பிக்கு இந்தக் கணக்கைப் பொறியியலாளர்கள் போடுகிறார்கள். லயனுக்குள் போகும் கம்பிக்கு யார் போட்டது என்று கேட்டால் தோட்ட நிர்வாகத்திடமும் பதில் கிடைப்பதில்லை.

கேத்தலைப் போட்டதும் லயன் முழுவதும் பல்ப் மங்கினால் வெளிலைனைச் சந்தேகிக்கலாம். ஓர் அறையில் மட்டும் மங்கினால், பிளக் சுட்டால், டேப் கறுத்திருந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை அந்த லைனில் ஒன்றும் போட வேண்டாம்.