கேட்பவர் எத்தனை பேர்?

நல்ல மரத்துக்கு நல்ல விலை என்பது பாதி உண்மைதான். ஏலத்தில் கேட்க ஆளில்லாவிட்டால் வைரம் பாய்ந்த தேக்கும் விறகு விலைக்குப் போகும். செங்கோட்டையில் மூன்று தலைமுறையாக அறுவை மில் நடத்தும் குடும்பத்தில் பிறந்தவன் நான். இதை அனுபவத்திலும் கண்டிருக்கிறேன், மலபாரின் வரலாற்றிலும் படித்திருக்கிறேன்.

1806-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, கேப்டன் வாட்சன் என்ற போலீஸ் அதிகாரியை வனப் பாதுகாவலராக நியமித்தது. இங்கிலாந்தில் ஓக் மரம் குறைந்துபோய், கப்பல் கட்ட மலபார் தேக்கைத் தேடி வந்த காலம் அது. வாட்சன் மலபார், திருவிதாங்கூர் தேக்கு வாணிபத்தைக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். எங்கள் செங்கோட்டையும் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது. காட்டுக்குச் சொந்தக்காரனே ஆனாலும் வேறு வியாபாரிக்குத் தேக்கை விற்க முடியாது. வாங்குபவர் ஒருவர்தான், அவர் வைத்ததே விலை. அந்த மரம் பம்பாய்க் கப்பல் துறைக்குப் போனது. 1817-ல் அங்கே வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய டிரிங்கோமலி போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. அதன் உறுதியைப் புகழ்கிறவர்கள், அந்தக் காலத்துத் தேக்கு யார் வயிற்றில் அடித்து வாங்கப்பட்டது என்பதையும் நினைக்க வேண்டும்.

காட்டு உடைமையாளர்களும் மர வியாபாரிகளும் கொதித்தார்கள். சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1823-ல் வனப் பாதுகாவலர் பதவியையே ஒழித்தார். வியாபாரிகள் பெருகினார்கள், கோடரிகளும் பெருகின. இருபது வருடத்துக்குள் ஆற்றங்கரையை ஒட்டிய பெருந்தேக்குகள் அருகிப்போயின. அதன் பிறகுதான் மலபார் கலெக்டர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். முளைக்க மறுத்த விதைகளை முளைக்க வைத்துத் தோட்டத்தை உருவாக்கியவர் சாத்து மேனோன். இன்று நாங்கள் வனத்துறையின் மர டிப்போக்களில் ஏலம் கேட்கும் தோட்டத் தேக்கின் வழித்தடம் அங்கே தொடங்குகிறது.

டிப்போவில் தடியை அளப்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நடுச்சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 4 அடிச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள தடி 10 கன அடி. உருளைக் கணக்குப்படி பார்த்தால் அதில் 12.7 கன அடி மரம் இருக்கும். 1736-ல் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் போட்ட அட்டவணைகளால் பரவிய முறை இது. அறுக்கும்போது ஓரத்தில் கழியும் மரத்தை வாங்குபவர் தலையில் கட்டாத கணக்கு என்பதால் வியாபாரிகள் இதை விடவில்லை.

அளவு தெரிந்தால் விலை தெரிந்துவிடாது. தடியின் இரண்டு முகத்தையும் பார்க்க வேண்டும். வெளி வளையமாக இருக்கும் வெள்ளை எவ்வளவு, உள்ளே வைரம் எவ்வளவு? நடுவில் வெடிப்பு இருந்தால் அது எத்தனை அடி உள்ளே போகிறது? அப்பா கோடரியைத் திருப்பிப் பிடித்துத் தடியைத் தட்டிக்கொண்டே நடப்பார். கணீரென்று வந்தால் தாண்டிவிடுவார். மொத்தென்று கேட்ட இடத்தில் நின்று மறுபடி தட்டுவார், உள்ளே பொந்து. கிளை ஒடிந்து மூடிப்போன கணுவைப் பட்டைச் சுருக்கத்திலேயே கண்டுபிடிப்பார். அடிமரத்தில் ஓடை விழுந்திருந்தால் நூல் பிடித்த சுற்றளவு ஏமாற்றும். பள்ளத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கட்ட வேண்டும்.

அதற்குப் பிறகு கணக்கு பின்னாலிருந்து முன்னால் வரும். இந்தத் தடியில் எத்தனை நிலைச் சட்டம், எத்தனை பலகை வரும்? சந்தையில் அவை என்ன விலை? அதிலிருந்து அறுவைக் கூலி, லாரி வாடகை, ஏற்றுக்கூலி, வரி, முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு வட்டி எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவதுதான் அந்தத் தடிக்கு நான் கேட்கக்கூடிய உச்சம். அதைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அப்பா ஏலத்துக்கு உட்காருவார். பக்கத்து மில்காரர் ஒருமுறை, "அண்ணாச்சி, இன்னும் நூறு ஏத்திக் கேளுங்க, நல்ல தடி" என்று தூண்டினார். அப்பா சீட்டைக் காட்டி, "நல்ல தடிதான், எனக்கு இவ்வளவுதான்" என்றார். ஏலத்தில் தடி விழுவது அதன் உட்புறத்தை மிக உயர்வாக மதிப்பிட்டவருக்கு. கூட்டம் கூடக் கூட, அந்த மதிப்பு தப்பாக இருக்கும் வாய்ப்பும் கூடும். எனவே ஆள் அதிகமான ஏலத்தில்தான் சீட்டு அவசியம்.

ஆள் குறைந்த ஏலத்தில் வேறு நோய். வந்தவர்கள் முன்கூட்டியே பேசிக்கொண்டு, ஒருவர் மட்டும் கேட்க மற்றவர்கள் வாய் திறக்காமல் இருப்பார்கள். சாயங்காலம் லாட்ஜ் அறையில் தங்களுக்குள் இரண்டாம் ஏலம் நடத்தி, வித்தியாசத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அது அரசாங்கப் பணத்தைத் திருடுவதுதான். அதற்கு வேறு பெயர் கிடையாது. குறைந்தபட்ச விலை வைத்து அரசு தடுத்தது. ஆனால் அந்த விலைக்குப் போகாத தடி அடுத்த ஏலம்வரை மழையில் கிடந்து முகம் வெடிக்கும், வெள்ளையில் பூச்சி ஏறும்.

இப்போது கேரள வனத்துறை ஏலம் இணையத்தில் நடக்கிறது. எதிரே யார் கேட்கிறார் என்பது தெரியாததால் கூட்டுச் சேர்வது முன்போல் எளிதல்ல. இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் டிப்போவுக்கே போகாமல், திரையில் உள்ள நீளத்தையும் சுற்றளவையும் வைத்து விலை கேட்கிறார்கள். தம்பிகளே, ஏலத்துக்கு முந்தின நாளாவது நேரில் போய்த் தடியைத் தட்டிப் பாருங்கள். உச்ச விலையை எழுதிக்கொண்ட பிறகே கணினி முன் உட்காருங்கள்.