வேற்றறையில் ஒரு தட்டச்சர்

பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் கருவி இன்று மாணவர்தம் கைப்பேசியிலேயே உள்ளது. 1980களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான சொற்களைப் பிழையின்றி இனங்காணும் ஆற்றல் கணினிக்கு வாய்த்திருக்கவில்லை. ஆயினும், அத்தகைய கருவி உருவாகும் முன்பே அதன் பயன்பாட்டைச் சோதித்தறிந்தோர் உளர்.

நியூயார்க் மாநிலத்திலுள்ள ஐபிஎம் ஆய்வு மையத்தில் ஜான் கூல்டு என்னும் ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும் நடத்திய அச்சோதனையின் முடிவுகள் 1983இல் வெளிவந்தன. சோதனைக்கு வந்தோர் ஒலிவாங்கியில் மடல்களைச் சொல்லச் சொல்ல, திரையில் சொற்கள் தோன்றின. உண்மையில், வேற்றறையில் அமர்ந்திருந்த ஒரு தட்டச்சரே அவற்றைத் தட்டச்சு செய்தார். கணினி அறிந்த சொற்களின் அளவு 1,000 எனவும், 5,000 எனவும், வரம்பற்றது எனவும் மாற்றி மாற்றி வைக்கப்பட்டது. சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசுவதும் தொடர்ந்து பேசுவதும் ஒப்பிடப்பட்டன. சொற்றொகை பெரிதாக இருப்பின், நிறுத்திப் பேச வேண்டிய கருவியும் கையால் எழுதுவதற்கு ஏறத்தாழ ஈடாகும் எனத் தெரியவந்தது. பெருஞ்செலவில் கருவியைச் செய்து முடித்த பின்னர் அறிய வேண்டியதை ஒரு தட்டச்சரின் துணையால் முன்னரே அறிந்தனர்.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போட்டிக்காக அமைத்த குரற்செய்தி ஏற்பாட்டிலும் கூல்டு இம்முறையையே பின்பற்றினார். வீரர் தொலைபேசியில் என்ன கேட்பார், எந்த எண்ணை அழுத்துவார் என்பன முதலில் தாளில் எழுதப்பட்டுப் பலரிடம் காட்டப்பட்டன. 12 மொழிகளில் இயங்க வேண்டிய ஏற்பாடு அது. தாளிலேயே பிழை தெரிந்தால் திருத்துவது எளிது.

1985இல் கூல்டும் கிளேட்டன் லூயிசும் இவ்வனுபவத்தை மூன்று நெறிகளாக வகுத்தனர்: பயனரையும் அவர்தம் பணியையும் தொடக்கத்திலேயே அறிதல், பயன்பாட்டை அளந்து சோதித்தல், கண்ட குறைகளைத் திருத்தி மீண்டும் சோதித்தல். இவை யாவரும் அறிந்தவை போலத் தோன்றும். ஆயினும் அவர்கள் வினவிய வடிவமைப்பாளருள் மூன்றையும் குறிப்பிட்டோர் மிகச் சிலரே.

தமிழ்க் கருவி செய்வோர்க்கு இவ்வரலாறு இன்றியமையாதது. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபட்ட மொழி நம்முடையது. மாணவர் ‘வந்துட்டாங்க’ என்று சொன்னால் திரை அவ்வாறே காட்டுவதா, ‘வந்துவிட்டார்கள்’ என மாற்றுவதா? நிரலாளர் தம் விருப்பப்படி முடிவு செய்துவிட்டால், பின்னர் வகுப்பறைதான் கருவிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ள நேரும். ஒரு நிரல்வரி எழுதும் முன்பே, சில மாணவரையும் ஒரு தட்டச்சரையும் கொண்டு இதனைச் சோதித்துவிடலாம். அச்சோதனையைக் கேட்டுப் பெறும் உரிமை ஆசிரியர்க்கு உண்டு.