சாணம் யாருக்குச் சொந்தம்? கோபர் கேஸின் கதை

மாற்று எரிசக்தின்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது சோலார் பேனல், காற்றாலை. ஆனா சோலார் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்திய விவசாயி வீட்டுக்குள்ள வந்த ஒண்ணு இருக்கு. மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்துல ஒரு குழி, அதுமேல கவுத்து வச்ச இரும்பு ட்ரம், அங்கிருந்து அடுப்படிக்குப் போற ஒரு பைப். கோபர் கேஸ், அதாவது சாண எரிவாயு. இன்னைக்கு அதோட கதைதான்.

முதல்ல, இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம். சாணத்தையும் தண்ணியையும் சரிபாதியா கரைச்சு, காத்து புகாத தொட்டிக்குள்ள விடுறோம். ஆக்சிஜன் இல்லாத இடத்துல வாழுற நுண்ணுயிரிகள் அதைச் சாப்பிட்டு மீத்தேன் வாயுவை வெளிவிடும். அதைப் பத்தவச்சா புகையில்லாத நீலச் சுடர். மிச்சமா வர்ற கரைசல் வயலுக்கு எருவாகும். இதுல முக்கியமான விஷயம், சாணத்துல இருக்கிற தழைச்சத்து பெரும்பாலும் அந்தக் கரைசல்லயே தங்கிடுது. வறட்டியா தட்டி எரிச்சா அது போயிடும். ஒரே சாணத்துல அடுப்பும் எரியுது, வயலும் விளையுது.

இந்தியாவுல இது தொடங்கினது கிராமத்துல இல்ல, பம்பாயில. 1897ல மாட்டுங்காவுல இருந்த தொழுநோய் இல்லத்துல, மனிதக் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கு எரிச்சாங்க. 1930களோட கடைசியில, டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துல எஸ்.வி. தேசாய் மாட்டுச் சாணத்தை வச்சு சோதனைகள் செஞ்சார். 1950களின் தொடக்கத்துல ஜஷ்பாய் படேல் ஒரு வடிவமைப்பைக் கொண்டுவந்தார், பேரு 'கிராமலட்சுமி'. வாயு சேரச் சேர மேல எழும்புற மிதக்கும் ட்ரம் வச்ச கலம் அது. காதி கிராமத் தொழில் ஆணையம் 1960களில் இந்த வகைக் கலத்தை நாடு முழுக்க எடுத்துட்டுப் போச்சு.

1973ல பெட்ரோலிய விலை எகிறினதும் அரசாங்கத்தோட பார்வையும் இதுமேல திரும்புச்சு. ஒரு சிக்கல், இரும்பு ட்ரம் விலை அதிகம், துருவும் பிடிக்கும். அதனால ட்ரம்மே இல்லாம, செங்கல் குவிமாடம் வச்ச 'ஜனதா' மாடல் 1978ல வந்துச்சு. 1984ல அதைவிட மலிவான 'தீனபந்து'. ஏழைகளின் நண்பன்னு அர்த்தம். 1981-82லயே மத்திய அரசு பயோகேஸுக்குன்னு ஒரு தேசியத் திட்டம் தொடங்கி மானியமும் கொடுத்துச்சு.

பேரு ஏழைகளின் நண்பன். ஆனா ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்க. ஒரு சின்னக் குடும்பம் சமைக்கவே தினமும் சுமார் 50 கிலோ சாணம் வேணும். ஒரு மாடு பத்து கிலோ போடும்னு வச்சாலும், அஞ்சு மாடு வேணும். அதோட குழி தோண்ட இடம், கரைக்கத் தண்ணி. இது மூணும் யார்கிட்ட இருந்துச்சு? ஊர்ல ஓரளவு வசதியா இருந்தவங்ககிட்ட. ஒரு மாடுகூட இல்லாத கூலிக் குடும்பம் அதுவரைக்கும் தெருவுலயும் மேய்ச்சல் நிலத்துலயும் கிடந்த சாணத்தைப் பொறுக்கி, வறட்டி தட்டி அடுப்பெரிச்சுது. சாணத்துக்கு மதிப்பு வந்ததும் மாட்டுக்காரர் அதைக் கீழே கிடக்க விடுவாரா? 'கழிவு'ன்னு நாம சொன்னது இன்னொருத்தரோட விறகா இருந்துச்சு. 1970களிலேயே ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுட்டாங்க.

அப்போ ஊருக்கே பொதுவா ஒண்ணு கட்டினா? இங்கதான் கர்நாடகாவோட துமகூரு மாவட்டத்துல இருக்கிற புரா கிராமம் வருது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல மின்வேதியியல் விஞ்ஞானியா இருந்தவர் அமுல்யா ரெட்டி. கிராமங்களுக்காகவே அறிவியல் செய்யணும்னு 1974ல 'அஸ்த்ரா'ங்கிற மையத்தை அங்க தொடங்கினார். அவங்க குழு புராவுல சமையலுக்காக ஒரு பொதுக் கலம் கட்டுச்சு. அது ஓடல. எல்லா வீட்டுச் சமையலுக்கும் போதுமான வாயு வரல. பத்தாததுக்கு எப்படியும் விறகு பொறுக்கணும்னா, சாணத்தை எதுக்குக் கொண்டுபோய்க் கொட்டணும்? காசு கொடுக்காம கிடைக்கிற விறகுக்கு மாற்று தேடுறது அந்த ஊரோட முதல் தேவையா இல்ல. அவங்களுக்கு வேண்டியது நல்ல குடிதண்ணி.

குழு திட்டத்தையே மாத்துச்சு. சாண வாயுவை டீசல் எஞ்சின்ல விட்டாங்க. பத்தவைக்க மட்டும் கொஞ்சம் டீசல், மிச்சமெல்லாம் வாயு. 1987ல அந்த மின்சாரத்துல ஆழ்துளைக் கிணத்து மோட்டார் ஓடுச்சு, குழாய்ல தண்ணி வந்துச்சு, வீடுகள்ல டியூப்லைட் எரிஞ்சுது. சாணம் கொண்டுவந்து கொடுத்தவங்களுக்கு கிலோவுக்கு 2 பைசா. அதைப் பெரும்பாலும் வாங்கினது பெண்களும் பிள்ளைகளும். வாயு எடுத்த பிறகு எரு திரும்ப அவங்கவங்க வீட்டுக்கே போச்சு. கலத்தை ஓட்டினதும் ஊர் இளைஞர்கள்தான். சமையலுக்குப் பத்தாத அதே சாணம், தண்ணிக்கும் விளக்குக்கும் பத்துச்சு. சுமார் பத்து வருஷம் அது ஓடுச்சு.

இந்தக் கதையை நகரத்துல உட்கார்ந்துட்டு ஏன் கேட்கணும்? 2024ல மத்திய அரசு ஒரு கோடி வீடுகளின் கூரையில சோலார் வைக்க ஒரு மானியத் திட்டம் அறிவிச்சுது. நல்ல திட்டம், வெயில் யாருக்கும் சொந்தம் இல்ல. ஆனா மொட்டை மாடிக்கு உரிமையாளர் உண்டு. வாடகை வீட்டுல மூணாவது மாடியில இருக்கிறவங்களுக்கு இதுல என்ன இருக்கு? அஞ்சு மாடு இருந்தவங்களுக்கு கோபர் கேஸ், சொந்தக் கூரை இருக்கிறவங்களுக்கு சோலார்னு இது நின்னுடக் கூடாதுன்னா, புராவுல கேட்ட கேள்வியை இங்கயும் கேட்கணும். இங்க இருக்கிறவங்களுக்கு முதல்ல எது வேணும், அதை எல்லாரும் சேர்ந்து எப்படி வச்சுக்கலாம்? உங்க அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்துல அடுத்த முறை சோலார் பேச்சு வந்தா, வாடகைக்கு இருக்கிறவங்களையும் கூப்பிடச் சொல்லுங்க.