திருக்காஞ்சிப் படித்துறை: ஊர் கூடும் ஆற்றங்கரை

புதுச்சேரி நகரத்தாருக்குக் கடற்கரைச் சாலையும் பாரதி பூங்காவும் எப்படியோ, வில்லியனூர் வட்டாரத்துக்குத் திருக்காஞ்சி ஆற்றங்கரை அப்படி. வேலி போட்டு, நேரம் குறித்து யாரும் இதைப் பூங்காவாக அமைக்கவில்லை. கோயிலுக்கும் குளியலுக்கும் சனம் வந்து வந்தே இது பொது இடமானது.

செஞ்சி மலைப் பகுதியில் பிறக்கும் சங்கராபரணிக்குச் செஞ்சியாறு, வராக நதி என்றும் பெயர் உண்டு. அதன் கரையில் கங்கைவராக நதீஸ்வரர் வீற்றிருக்கிறார். காசிக்கு எடுத்துச் சென்ற அஸ்தி இவ்விடத்தில் பூவாக மாறியது என்பது தலவரலாறு. அதனால்தான் 'காசியினும் வீசம் அதிகம்' என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

மாசிமகத்தன்று விடியுமுன்பே படிகள் நிறைந்துவிடும். தலைவாழை இலையில் பச்சரிசியும் எள்ளும் பரப்பி, தர்ப்பை விரலோடு வரிசையாக உட்கார்ந்து தர்ப்பணம் கொடுப்பார்கள். ஒரு பக்கம் பிள்ளைகள் தண்ணீரில் ஆட்டம் போடுவார்கள். இன்னொரு பக்கம் சுற்றூர்ச் சாமிகள் பந்தலில் வந்து இறங்கும். அஸ்திரதேவர் ஆற்றில் மூழ்கும் நேரத்தில் எல்லாரும் ஒன்றாகத் தலைமுழுகுவார்கள். துக்கமும் திருவிழாவும் ஒரே படியில் நடக்கும் கரை இது. 2023 ஏப்ரல் 22 முதல் 12 நாள் நடந்த புஷ்கரணி விழா, வெளியூர்க் கூட்டத்தையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

கரையின் பிழைப்பு தண்ணீரில்தான் இருக்கிறது. மேலே வீடூர் அணை. முழுக்கொள்ளளவு 32 அடி. தமிழகத்தில் 2,200 ஏக்கரும் புதுச்சேரியில் 1,000 ஏக்கரும் அதனால் பாசனம் பெறுகின்றன. அணை நிரம்பித் திறந்துவிட்டால் ஆறு புரளும். மழை பொய்த்த கோடையில் படிக்குக் கீழே மணல்தான் தெரியும். மணலை வரம்பில்லாமல் அள்ளினால் படுகை பள்ளமாகும், பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

விழா முடிந்தபின் தண்ணீரில் விட்ட பழந்துணிகள் படியோரம் சிக்கிக் கிடக்கும். அவற்றை அகற்றுவது கொம்யூன் பஞ்சாயத்து வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். துணியை ஆற்றில் விடாமல் கரையிலேயே ஓரிடத்தில் சேர்ப்பது என்று இந்த ஆண்டு முதல் ஊர்தோறும் தண்டோரா போட்டுச் சொன்னால், பாதி வேலை குறையும்.