கட்டியங்காரனும் கல்மரமும்

வாலிகண்டபுரம் என்றவுடன், வரலாறு பயில்வோர்க்கு வாலீசுவரர் கோயிலும், 1751-ஆம் ஆண்டில் அவ்வூரருகே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போரும் நினைவுக்கு வரும். எனக்கோ, இளமையில் அங்கே கண்ட தெருக்கூத்து ஒன்று நினைவுக்கு வருகிறது.

கட்டியங்காரனுக்கு எழுதிவைத்த வசனம் குறைவு. அவையோர் கேட்பதற்கு அப்போதைக்கப்போது விடை கூறிச் சிரிக்கவைப்பதே அவன் தொழில். அன்றிரவு ஒருவர், "சாத்தனூர் மரம் கல்லானது எப்படி?" என்று வினவினார். "கடன்காரனைக் கண்டு மூச்சுக் காட்டாமல் நின்றது, அப்படியே இறுகிவிட்டது!" என்றான் அவன். கூட்டம் குலுங்கிச் சிரித்தது, நானும் சிரித்தேன். நல்லதொரு கேள்வி அச்சிரிப்பிலேயே புதைந்து போயிற்று.

அதன் விடையைக் கல்லூரியிற்றான் அறிந்தேன். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் கடல் பரவியிருந்தது. ஆற்றோடு வந்த மரம் கடலடி மண்ணில் புதையுண்டது. நீரில் கரைந்திருந்த சிலிக்கா அதன் நார்தோறும் புகுந்து கல்லாக்கிற்று. 18 மீட்டர் நீளமுள்ள அம்மரத்தை 1940-இல் உலகுக்கு அறிவித்தவர் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன்.

சிரிப்பையும் அறிவையும் சேர்த்தவர் மற்றொரு கிருஷ்ணன். அவரே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். வில்லுப்பாட்டு செழித்த நாஞ்சில் நாட்டில் 1908-இல் பிறந்த அவர், தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துக்கொள்வார். 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில், விஞ்ஞானத்தை வளர்ப்பது பற்றி அவரும் மதுரமும் பேசிப் பாடும் காட்சி உண்டு. வேடிக்கையாகத் தொடங்கும் அப்பேச்சு, வீட்டு வேலையின் சுமையைப் பொறிகள் குறைக்கலாகாதா என்னும் மெய்யான கேள்வியை எழுப்புகிறது. பின்னர், 1987 அக்டோபர் 2 முதல் நவம்பர் 7 வரை நாடெங்கும் நடந்த அறிவியல் கலைப்பயணமும் பாட்டையும் நாடகத்தையுமே துணையாகக் கொண்டது.

மாணவ நண்பர்களே, அந்தக் கட்டியங்காரனை நான் குறை கூறவில்லை. அவன் விடை பொய்யென்பது அவையோர் அறிந்ததே. மெய் விடையைச் சொல்ல அங்கே ஒருவர் இல்லாததே குறை. உங்கள் ஊர்க் கூத்தில் அத்தகைய கேள்வி எழுந்தால், முதலில் வாய்விட்டுச் சிரியுங்கள். சிரிப்பு அடங்கியதும் எழுந்து நின்று, மெய்யைச் சொல்லுங்கள்.