பஞ்சம் முடிந்த பிறகு வந்தவர்கள்



சென்னையில் பக்கிங்காம் கால்வாயைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். இன்று அது சாக்கடை. வடக்கே ஆந்திரத்துக்குள் நீளும் அதன் ஒரு துண்டு, தாது வருஷப் பஞ்சத்தில் உயிர் பிழைப்பதற்காக மாதிகா மக்கள் மண் வெட்டிச் சுமந்து உருவாக்கியது. தமிழ்நாட்டில் அருந்ததியர் உள் ஒதுக்கீட்டின் ஏழு சாதிகளில் ஒன்றாக நாம் எண்ணும் அதே மாதிகாக்கள்தான். நினைவைப் போற்றும் இந்த நாளில் அவர்களை நினைக்க விரும்புகிறேன்.

1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் 50 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். நிலமும் சேமிப்பும் இல்லாத சேரிகளில் பசி முதலில் நுழைந்தது. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை ஒரு பவுண்டு தானியம், சிறிது காசு என்று குறைத்தார். நாள் முழுக்க உழைக்கும் ஆளுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம். ஓர் உயிரை எவ்வளவு மலிவாகத் தக்கவைக்கலாம் என்று அரசு கணக்குப் போட்ட காலம் அது.

ஒங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப் கால்வாயில் மூன்றரை மைல் வேலையை ஒப்பந்தம் எடுத்தார். ஆயிரக்கணக்கானோர் வந்து கூலி பெற்றார்கள். மாதிகா ஊழியர்களே அங்கே மேற்பார்வை பார்த்தார்கள். தன் சாதி ஆளே மேஸ்திரியாக நிற்பதை அந்த மக்கள் அதற்கு முன் எங்கே பார்த்திருப்பார்கள்?

ஆனால் இந்தக் கதை கிளஃபோடு தொடங்கவில்லை. எர்ரகுண்ட்ல பேரய்யாவோடு தொடங்குகிறது. தோல் வியாபாரத்துக்காக ஊர் ஊராக அலைந்தவர், யோக மார்க்கத்தில் ஞானம் தேடியவர். 1866இல் அவரும் அவர் மனைவி நாகம்மாவும் ஞானஸ்நானம் பெற்றார்கள். வெள்ளைக்காரரின் பிரசங்கத்தைவிட பேரய்யாவின் கால்கள்தான் அந்தச் செய்தியை மாதிகாப் பள்ளிகளுக்குக் கொண்டுபோயின.

சேர்ந்தவர்களுக்கு மூன்று கட்டளைகள் இருந்தன: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதே, செத்த மாட்டைத் தின்னாதே, விக்கிரகத்தை வணங்காதே. சமூகவியல் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வராதவன், தன் நேரம் பண்ணையாருடையது அல்ல என்கிறான். செத்த மாட்டை மறுப்பவன், தன் உடம்பு குப்பைத்தொட்டி அல்ல என்கிறான். விக்கிரகத்தை விட்டவன் ஊர்த் திருவிழாவுக்குப் பறையடிக்க மாட்டான். ஆதிக்கச் சாதிகள் இதைச் சரியாகவே புரிந்துகொண்டு துன்புறுத்தின. அதைத் தாங்கி நின்றவர்களிடம் இருந்தது ஒன்றுதான்: தங்கள் உயிருக்கும் கடவுளிடம் மதிப்பு உண்டு என்ற விசுவாசம்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். பஞ்ச காலத்தில் பலர் ஞானஸ்நானம் கேட்டார்கள். கிளஃப் மறுத்தார். கஞ்சிக்காக வந்தார்கள் என்ற பெயர் வேண்டாம் என்று ஓராண்டுக்கு மேல் யாரையும் சேர்க்கவில்லை. நிவாரணம் முடிந்தது, கொடுக்கக் கையில் பணம் இல்லை, திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்ட பிறகும் அவர்கள் வந்தார்கள். உதவி வேண்டாம், எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

'சோற்றுக்கு மதம் மாறியவர்கள்' என்ற ஏச்சை நாம் இன்றும் கேட்கிறோம். பசித்தவனுக்கு மனசாட்சி இருக்காது என்ற சாதித் திமிர் அதற்குள் இருக்கிறது. அந்த ஆற்றங்கரையில் நின்றவர்கள் பெற்றோரையும் பிள்ளைகளையும் புதைத்துவிட்டு வந்தவர்கள். சாவை அவ்வளவு அருகில் பார்த்தவர்களே, இனி எப்படி வாழ வேண்டும் என்று யோசித்து முடிவெடுத்தார்கள். ஒருவேளை அவர்கள் சோறும் கேட்டிருந்தால்தான் என்ன? உயிர் வாழ விரும்புவது குற்றமா?

விசுவாசம் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. திருச்சபைக்குள்ளும் சாதி உட்கார்ந்திருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் திறந்த கதவு, இவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. ஆந்திரத்தில் அந்த மூதாதையரின் பேரப்பிள்ளைகளுக்குப் பிற்பட்டோர் 'சி' பிரிவில் ஒரு சதவீதம்தான்.

துன்பத்தைத் தாங்கும் வலிமையைப் புகழ்ந்துவிட்டு, துன்பத்தை அப்படியே விட்டுவைப்பது நம் வேலை அல்ல. அவர்கள் தங்கள் உயிருக்குத் தாங்களே மதிப்புக் கொடுத்தார்கள். அந்த மதிப்பைச் சட்டத்திலும் திருச்சபையிலும் கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

ஜெய்பீம்.