சக்கிமுக்கித் துப்பாக்கியின் நம்பகமும் கவர்ச்சியும்

படைக்கலங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், ஒரு கருவி எப்பொழுது தோன்றியது, எவர் அதனை ஆக்கினர், எப்போரில் அது வெற்றி தந்தது என்னும் மூன்றனையே பெரும்பாலும் ஆராய்வர். அக்கருவி தன்னை ஏந்தியவனை எத்துணை முறை கைவிட்டது என்னும் வினா அவர்தம் நூல்களில் எழுவது அரிது. ஆயின், களத்தில் நிற்கும் வீரனுக்கு அதுவே முதல் வினாவாம். ஐரோப்பியப் படைகளில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் தலைமை பெற்று நின்ற சக்கிமுக்கித் துப்பாக்கியை அவ்வினாவின் வழி நின்று ஈண்டு ஆராய்வாம்.

சொல்லாராய்ச்சியொன்றை முதற்கண் கூறுதல் பொருந்தும். துப்பாக்கி என்னும் சொல் துருக்கிய மொழியினின்று வந்து தமிழில் வேரூன்றியது. ஈழத் தமிழர் வழங்கும் துவக்கு என்பதும் அம்மூலத்தினின்று கிளைத்ததே. தீத்தட்டும் கல்லைக் குறிக்கும் சக்கிமுக்கி என்பதற்கும் துருக்கிய மொழிச் சொல்லே மூலமாம். கருவியோடு அதன் பெயரும் கடல் கடந்தும் நிலங் கடந்தும் வந்தமைக்கு இவை சான்றாவன.

1. பொறியின் அமைப்பு

சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு முன்னர் வழங்கியது திரித் துப்பாக்கி. அதனை ஏந்தியவன் எரியும் திரியை எப்பொழுதும் கையில் வைத்திருத்தல் வேண்டும். இரவில் திரியின் கனல் அவனைப் பகைவர்க்குக் காட்டிக் கொடுக்கும். மழையில் அது அவியும். வெடிமருந்துக் குவியலுக்கு அருகே அதுவே இடராகும். இவ்விடர்களை நீக்க முயன்றோர் பலர். பிரான்சு நாட்டு லிசியூ நகரத்தவரான மாரென் லெ பூர்ழுவா என்பார் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செப்பஞ்செய்த விசையே பின்னர் எங்கும் பரவிய வடிவமாம்.

அதன் இயக்கம் எளிது. குதிரை எனப்படும் உறுப்பின் வாயில் கூரிய கல்லொன்று தோற்றுண்டாலோ ஈயத் தகட்டாலோ பொதியப்பெற்று இறுக்கப்பட்டிருக்கும். விசையை இழுத்தவுடன் குதிரை முன்னே பாய்ந்து, எதிரே நிற்கும் எஃகுத் தகட்டைச் சீவும். அத்தகடு பின்னே சாய, அதன்கீழ் மூடப்பட்டிருந்த கிண்ணம் திறக்கும். கிண்ணத்தில் உள்ள நுண்மருந்தில் தீப்பொறி வீழ்ந்து பற்ற, அத்தீ குழலின் பக்கத்துள்ள பற்றுவாய் வழியே உட்சென்று உள்மருந்தை வெடிக்கச் செய்யும். தீப்பொறி கல்லினின்று எழுவதென்று பலர் கருதுவர். அஃது உண்மையன்று. கல்லால் சீவப்பட்ட எஃகின் நுண்துகள்களே காற்றில் எரிந்து பொறியாகின்றன. ஆதலின் கல்லின் கூர்மையோடு எஃகின் பதமும் ஒத்தல் இன்றியமையாதது.

2. பிழைக்கும் இடங்கள்

மேற்கூறிய தொடர்ச்சியில் ஒவ்வொரு கண்ணியும் அறக்கூடியதே. கல் மழுங்கினால் பொறி எழாது; ஏறத்தாழ 20 அல்லது 30 வெடிகட்கு ஒருமுறை கல்லைத் திருத்தவோ மாற்றவோ வேண்டும். எஃகு பதங்கெட்டால் கல் கூரியதாயினும் பயனில்லை. கிண்ணத்து மருந்து ஈரமுற்றால் பொறி வீழ்ந்தும் பற்றாது. மருந்து எரிந்தபின் படியும் கரி காற்றின் ஈரத்தை ஈர்த்துச் சேறாகிப் பற்றுவாயை அடைக்கும். அந்நிலையில் கிண்ணத்து மருந்து மட்டும் பளிச்சென எரிந்து அவிய, உள்மருந்து வெடியாது கிடக்கும். தொடக்கத்தில் ஒளிவிட்டுப் பயனின்றி முடியும் செயலை 'கிண்ணத்து மின்னல்' என்னும் பொருள்பட ஆங்கிலேயர் இன்றும் கூறுவது இதனாலேயாம்.

ஆகவே, பற்றுவாயைக் குத்தித் துலக்கும் ஊசியும் கிண்ணத்தைத் துடைக்கும் சிறு தூரிகையும் வீரனுடைய இடைக்கச்சில் தொங்கின. கல்லின் வாணிகமும் பெரிதாயிற்று. இங்கிலாந்தில் சபோக்குப் பகுதியைச் சார்ந்த பிராண்டன் என்னும் ஊரில் நிலத்தடியினின்று அகழ்ந்த கருங்கல்லைச் சுத்தியலாற் பிளந்து துப்பாக்கிக்கல் ஆக்கும் கைவினைஞர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். பேரரசுகளின் படைவலிமை இவர்தம் சுத்தியலின் நுனியிலும் தங்கியிருந்தது எனின் மிகையாகாது.

3. அளந்து கண்ட உண்மை

இக்கருவியின் நம்பகத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசாது எண்ணிக்கையால் அளந்த தேர்வு 1834-இல் இங்கிலாந்தின் ஊல்விச்சு நகரில் நிகழ்ந்தது. சக்கிமுக்கித் துப்பாக்கிகளும், அடித்தவுடன் வெடிக்கும் மருந்தடங்கிய செப்புமூடியை உடைய புதிய துப்பாக்கிகளும் ஒப்பிடப்பெற்றன. இருவகையினும் தனித்தனியே 6,000 வெடிகள் சுடப்பட்டன. சக்கிமுக்கி வகை 922 முறை வெடியாது பொய்த்தது. மூடி வகை 36 முறையே பொய்த்தது. முன்னது 13 வெடிகட்கு 2 என்ற அளவிலும், பின்னது 166 வெடிகட்கு 1 என்ற அளவிலும் பிழைத்தன.

இவ்வெண்களைக் கொண்டு சக்கிமுக்கித் துப்பாக்கி பயனற்றதென்று முடிவு கட்டுதல் தகுமா? தகாது என்பதே எம் கருத்து. அக்காலப் போர்முறையில் வீரர் தனித்தனியே குறிவைத்துச் சுட்டிலர். வரிசையாக நின்று ஒருங்கே சுட்டனர். நூறு பேர் சுடுகையில் பதினைவர் துப்பாக்கி பொய்த்தாலும் எஞ்சிய எண்பத்தைவர் குண்டுகள் பகைவர் அணியைத் தாக்கும். பயிற்சி பெற்ற வீரன் நிமிடத்திற்கு மூன்று முறை சுடவல்லன்; பொய்த்த வெடியின் இழப்பை அடுத்த வெடி ஓரளவு ஈடு செய்யும். ஆகவே, தனியொருவனைக் கைவிடும் கருவி பெரும் படையைக் கைவிடவில்லை. அது நெடுங்காலம் நிலைத்தமைக்குக் காரணம் இதுவே. ஆயின், மழை பெய்யின் இக்கணக்கு முழுதும் தவறிவிடும். ஏனெனில் அப்பொழுது அனைவர் துப்பாக்கியும் ஒருங்கே பொய்க்கும்.

4. மழையும் மதராசுச் சிப்பாய்களும்

1813 ஆகசுட்டு 26-இல் காட்சுபாக்கு ஆற்றங்கரையில் பிரசிய, உருசியப் படைகள் பிரெஞ்சுப் படையோடு பொருதபோது கடுமழையால் துப்பாக்கிகள் செயலற்றன. துப்பாக்கி முனையீட்டியும் அடிக்கட்டையுமே போரை நடத்தின. மறுநாள் திரெசுடன் நகரை அடுத்த களத்திலும் அவ்வாறே. நனைந்த துப்பாக்கிகளோடு நின்ற ஆசுத்திரிய அணிகளைப் பிரெஞ்சுக் குதிரைப்படை சிதைக்க, ஆயிரக்கணக்கானோர் சரணடைந்தனர்.

நம் நாட்டவரைத் தொட்ட நிகழ்ச்சியொன்றும் உண்டு. கிழக்கிந்தியக் கும்பினியார் தம் படைக்கென ஆக்குவித்த, 39 அங்குலக் குழலுடைய 'இந்தியப் பாங்கு' என்னும் துப்பாக்கியை 1797-இல் ஆங்கில அரசும் தன் படைக்கு ஏற்றது. கும்பினியாரின் மதராசுப் படையினர் சக்கிமுக்கித் துப்பாக்கியோடே முதல் அபினிப் போரில் சீனஞ் சென்றனர். 1841 மே 30-இல் கான்டன் நகருக்கு வடக்கே, சான்யுவான்லி என்னும் ஊர்ப்புறத்தில் ஈட்டியும் வாளும் ஏந்திய ஊரார் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அப்பொழுது இடியும் மழையும் பெருகின. மதராசுப் படையின் 37-ஆம் அணியைச் சேர்ந்த ஒரு பிரிவினர் ஏனையோரினின்று பிரிந்து வயல்களிடையே சூழப்பட்டனர். அவர்தம் துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. சதுர அணியாக நெருங்கி நின்று முனையீட்டியாலேயே உயிரைக் காத்தனர். அவர்களைத் தேடிச் சென்று மீட்டவர், செப்புமூடித் துப்பாக்கி ஏந்திய ஆங்கிலக் கடற்படை வீரர். அதே மழையில் அத்துப்பாக்கிகள் வெடித்தன.

ஊல்விச்சுத் தேர்வு முடிந்து அப்பொழுது ஏழாண்டுகள் கழிந்திருந்தன என்பது கருதற்பாலது. எக்கருவி நம்பத்தக்கது என்பதை அரசு எண்ணால் அறிந்திருந்தது. அவ்வறிவு ஆங்கில வீரன் கையை முன்னரும், மதராசுச் சிப்பாயின் கையைப் பின்னரும் சென்றடைந்தது. ஒரு கருவியின் நம்பகத்தை ஆராய்வோர், அக்கருவி எவர் கையில் எத்துணைக் காலம் விடப்பட்டது என்பதையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

5. வீழ்ச்சியும் எஞ்சிய கவர்ச்சியும்

சக்கிமுக்கியை வீழ்த்திய புதுமை ஒரு வேட்டைக்காரரின் குறையினின்று பிறந்தது வியப்பே. இசுக்காத்துலாந்தின் பெல்கெல்வி ஊர்ச் சமயகுருவான அலெக்சாந்தர் பார்சைத்து, கிண்ணத்து மின்னலைக் கண்ட நீர்ப்பறவைகள் குண்டு வருமுன் தப்பிவிடுதலை நோக்கினார். மின்னலின்றி அடியினாலேயே பற்றும் மருந்தைக் கொண்டு புதிய விசை அமைத்து, 1807-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அம்மருந்தைச் சிறு செப்புமூடியுள் அடக்கும் முறை பின்னர் வந்தது.

எனினும் பழங்கருவி முற்றும் மறையவில்லை. மூடி தீர்ந்தால் கடையை நாட வேண்டும். கல்லோ ஆற்றங்கரையிலும் கிட்டலாம். ஊரும் கடையும் எட்டாத அமெரிக்கக் காடுகளில் வாழ்ந்தோர்க்கு இவ்வேறுபாடு பெரிது. இன்றும் பென்சில்வேனியா மாநிலத்தில் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனி மான்வேட்டைப் பருவம் உண்டு; அது 1974-இல் தொடங்கப்பெற்றது.

இக்கவர்ச்சி வெறும் பழமைப் பற்றன்று. நன்கமைந்த விசையில் கல் வீழ்வதற்கும் குழல் வெடிப்பதற்கும் இடையே செல்லும் காலம் நொடியில் பத்தில் ஒரு பங்கினும் குறைவு. ஆயினும் கண்ணெதிரே எழும் மின்னலுக்கு அஞ்சாது, அச்சிறு காலமும் கை அசையாது குறியில் நிற்றல் வேண்டும். கல்லைத் தீட்டி, பற்றுவாயைத் துலக்கி, மருந்தை உலர்வாகக் காத்தவனுக்கு அத்துப்பாக்கி பெரும்பாலும் பொய்ப்பதில்லை. சோம்பியவனுக்கு முதல் வெடியே பொய்க்கும். முயற்சியின் பயனை உடனே காட்டும் கருவியை மாந்தர் விரும்புதல் இயல்பே.

இதுகாறும் கூறியவற்றால், சக்கிமுக்கித் துப்பாக்கியின் நம்பகம் கல், எஃகு, மருந்து, வானிலை, கை ஆகிய ஐந்தும் ஒத்த வழியே விளங்கியது என்பது பெறப்படும். வேட்டைக்குச் செல்பவன் தானே அதனை விரும்பி எடுப்பவன். மழை கண்டால் வீடு திரும்பலாம். சான்யுவான்லி வயலில் நின்ற சிப்பாய்க்கு அவ்வுரிமை இல்லை. கருவியின் அழகைப் போற்றும் வரலாறு அவனையும் மறவாது பதிவு செய்தல் கடனாம்.